மில்ஹேவன் சந்தியில் ஒரு தரிப்பிடம்

இந்த நகரத்தில் எல்லோருக்கும் ஒரு நிழல் உண்டு. நீங்கள் ரொறன்ரோவில் இருந்தால் உங்களுக்கும் உண்டு. அது உங்களைவிட ஒழுங்கானது. நேரத்துக்கு எழும்பி வேலைக்குப் போய், வரும் வழியில் மரக்கறி வாங்கி, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். உங்கள் கைப்பேசி போன இடங்கள், நீங்கள் நடந்த வேகம், நின்ற கடை வாசல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து செய்த உரு அது. இப்படி நகரத்திலுள்ள அத்தனை பேரின் நிழல்களையும் ஒரு கணினிக்குள் நடமாடவிட்டு, வரப்போகும் பத்து ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நிழல் நகரம். தெருவில் தண்டவாளம் போடுமுன்னரே அங்கே ரயில் ஓடிவிடும். அங்கே எங்கே நெரிசல் வருகிறதோ, இங்கே அந்த இடத்தில் ரயில் நிற்கும் தரிப்பிடம் கட்டுவோம்.

முன்பெல்லாம் கனடாவில் ஓர் இலகு ரயில் பாதை கட்டி முடிப்பதற்குள் தொட்டிலில் கிடந்த பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும். வீதியைக் கிண்டுவார்கள், மூடுவார்கள், எதையோ மறந்துவிட்டோம் என்று மறுபடி கிண்டுவார்கள். மண்மேட்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்தவர்கள் வாடிக்கையாளரைக் கண்ணால் காணாமலே கடையை மூடிக்கொண்டு போனார்கள். தேர்தலுக்குத் தேர்தல் தரிப்பிடங்கள் இடம் மாறின. நிழல் நகரம் வந்த பிறகு அந்த இழுபறி அடங்கிவிட்டது. யாராவது எழும்பி, எங்கள் சந்தியில் ஏன் ரயில் நிற்காது என்று கேட்டால், உங்கள் நிழலே அங்கே ஏறவில்லையே என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் பெயர் தயாபரன். ஸ்காபரோவின் கிழக்குக் கோடு என்ற ரயில் பாதைக்கு மக்கள் தொடர்பு அலுவலர். எதற்கும் முகம் கோணாமல் பதில் சொல்வேன் என்று என்னை எடுத்தார்கள். உள்ளே கோணுவதை யாரும் பார்ப்பதில்லை.

கட்டுமானம் தொடங்கவிருந்த நேரத்தில், பணம் கொடுக்கும் அரசுக்காரர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் மனிதர் வாயால் ஒரு காரணம் வேண்டும் என்றார்கள். கணினி சொன்னது என்பது காரணம் ஆகாதாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரி, கல்லூரி, கடைத்தொகுதி. மில்ஹேவன் சந்திக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே இருந்தவை வரிசையாக வீடுகள் மட்டுமே. ஆனால் நிழல் நகரத்து வரைபடத்தில், அந்தச் சந்தியை ஒட்டிய ஒரு வீட்டின்மேல் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. மாலையானால் நகரத்தின் நாலு பக்கத்திலிருந்தும் நிழல்கள் அங்கே வந்து குவிந்தன. நெரிசல் மிகுந்த மாதத்தைக் கணக்கில் எடுத்துத்தான் தரிப்பிடம் வைப்பது எங்கள் வழக்கம். அந்த மாதம் எது என்று வரைபடத்தில் போடுவதில்லை.

அந்த வீடு எனக்குத் தெரிந்த வீடு. குலவீரசிங்கம் மாஸ்டரின் வீடு. ஸ்காபரோவில் கார் ஓட்டும் தமிழர்களில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள். நானும் அவரிடம்தான் பழகினேன். போன வருடத்துக்கு முந்திய மாரியில், வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். இப்போது அவருடைய மனைவி பத்மலோஜினி அக்கா அங்கே தனியாக இருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை.

அறிக்கைக்குக் காரணம் தேடி நான் போனபோது அக்கா கதவைத் திறந்தபடியே, வேலை தொடங்கிவிட்டதா, பனி கொட்டுவதற்கு முதல் ஒரு குழியாவது கிண்டுவார்களா என்று கேட்டார். அந்தத் தரிப்பிடத்துக்காக அவர் அவ்வளவு ஆவலாகக் காத்திருந்தார். விடியுமுன் எழும்பி இரண்டு பஸ் மாறித்தான் அவர் வேலைக்குப் போகிறார். போன மாரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ரயில் வந்தால் வாசலில் ஏறி இல்லத்தின் முன்னால் இறங்கலாம். அவருக்குக் கார் ஓடத் தெரியாது.

“ஊருக்கெல்லாம் கார் பழக்கின மனுசன்” என்றார். “எனக்கு மட்டும், உனக்கென்னத்துக்கு, நான் இருக்கிறன்தானே எண்டு சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திப்போட்டார். இப்ப நான் பஸ்ஸுக்கு நிண்டு விறைக்கிறன். செத்த ஆளைத் திட்டக்கூடாது. ஆனா எனக்கு அவரிலை சரியான கோவம், தம்பி.”

தேநீர் வந்தது. நான் மெல்லக் கேட்டேன், மாலை நேரங்களில் இந்த வீட்டுக்கு நிறையப் பேர் வருவதுண்டா என்று. அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யார் வருகிறார்கள், வாரத்துக்கு ஒருதரம் தங்கச்சி வந்தால் உண்டு என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, மாஸ்டர் செத்த மாதம் மட்டும் சனம் வந்தது என்றார்.

அந்த மாதத்தைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கத் தொடங்கியது. எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செத்தவீடு என்றால் முப்பத்தொராம் நாள் வரை பின்னேரம் பின்னேரம் சனம் வரும். அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். இடியப்பமும் சொதியும் புட்டும் வந்தவர்களின் கையிலேயே வரும். மாஸ்டரின் வீட்டுக்கு வந்த கூட்டமோ சாதாரணக் கூட்டமில்லை. இருபது வருடங்களாக அவரிடம் பழகியவர்கள் எல்லோரும் வந்தார்கள். நான் ஒருநாள் மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வந்தவன். பிரம்டனிலிருந்தும் ஏஜாக்ஸிலிருந்தும் வந்தார்கள். தெரு முழுக்கக் கார். ஆனால் ஒரு கார்கூடக் கோணலாக நிற்கவில்லையாம். மாஸ்டருக்குக் கோணலாக நிறுத்தினால் பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். எங்கள் கணினி அவருடைய செத்தவீட்டைக் கண்டுவிட்டு, இது ஏதோ பெரிய கடைத்தொகுதி என்று எண்ணிவிட்டது. இதை நான் அறிக்கையில் எழுதினால் மில்ஹேவன் சந்தியில் ரயில் நிற்காது. அங்கே நிற்காவிட்டால் அடுத்ததாக பைன்ரிட்ஜ் கோபுரங்களின் முன்னால் நிற்கும். ரயிலுக்கு இரண்டும் கிட்டக் கிட்ட என்பதால் இரண்டிலும் நிற்க முடியாது. ஆனால் அக்காவுக்கு அது பனியில் நடக்கிற தூரமில்லை. பைன்ரிட்ஜ் கோபுரங்களில் ஆயிரக்கணக்கான சனம் இருக்கிறது. ஆனால் அவர்கள் விடியப்புறம் வேலை முகவர்கள் அனுப்பும் வான் வண்டியில் ஏறிப் போகிறவர்கள். பஸ்ஸில் ஏறாத சனம் ரயிலிலும் ஏறாது என்று கணினி குறைத்து எண்ணியிருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பைன்ரிட்ஜில்தான் ஃபர்தோசா இருக்கிறாள் என்றார். அவரோடு அதே சமையலறையில் பாத்திரம் கழுவும் சோமாலியப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய். வான் வராத நாளில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சு முடிந்தது என்று நினைத்து எழும்பினேன்.

“இருங்கோ தம்பி, ஒண்டு கேக்கிறன்” என்றார் அக்கா. “இந்த ஸ்டொப் வருகுதெண்டு மண்டபத்திலை கூட்டம் வைச்சுச் சொன்னீங்கள். அப்ப இவர் உயிரோடை இருந்தவர். எழும்பி நிண்டு, டிரைவிங் மாஸ்டரின்ரை வாசல்லை ரயிலை விட்டு என்ரை பிழைப்பிலை மண்ணைப் போடுறியளோ எண்டு கேட்டவர். எல்லாரும் சிரிச்சவை. நீங்களும் சிரிச்சனீங்கள். அதுக்குப் பிறகும் ஒண்டரை வருசம் இருந்தவர். நடக்காத செத்தவீட்டை உங்கடை கணினி எப்பிடிக் கண்டது?”

என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. அவர் சொன்னது சரி. அந்தக் கூட்டத்தை நடத்தியதே நான்தான். தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

நிழல் நகரத்தை ஓட்டுகிறவள் ஹர்லீன் என்ற பஞ்சாபிப் பெண். கெட்டிக்காரி, அதிகம் பேசமாட்டாள். மில்ஹேவன் வெளிச்சத்தின் நெரிசலான மாதம் எது என்று எடுத்துத் தரச் சொன்னேன். அவள் எடுத்தாள். மாஸ்டர் இறந்த மாதம். அந்த வெளிச்சம் கணினியில் முதன்முதலாக எரிந்தது எப்போது என்று கேட்டேன். மாஸ்டர் இறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர். ஹர்லீன் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

“அதற்குச் சாவு என்றால் என்னவென்று தெரியாது” என்றாள். “ஒரு நிழல் வெளியே போவதை நிறுத்திவிடுகிறது. மற்ற நிழல்கள் அந்த வீட்டுக்கு வரத் தொடங்குகின்றன. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.”

எப்படி முன்கூட்டித் தெரிந்தது என்று கேட்டேன். மந்திரம் ஒன்றுமில்லை என்றாள். மாஸ்டரின் நடை மெதுவாகி வந்திருக்கிறது. படியேறும்போது பாதியில் நின்றிருக்கிறார். முன்பு வாகனத் தரிப்பின் கோடியில் காரை விடுகிறவர், கடை வாசலுக்குக் கிட்டக் கிட்ட விடத் தொடங்கியிருக்கிறார். மருந்துக்கடையில் நெஞ்செரிவுக்கு மாத்திரை வாங்கும் பக்கம் அடிக்கடி நின்றிருக்கிறார். இப்படி நடந்தவர்கள் முன்பும் பலர் இருந்தார்கள். அவர்கள் பிறகு வெளியே போகவில்லை. கணினி அதைப் பார்த்துப் பழகியிருக்கிறது. எந்த வீட்டுக்கு எத்தனை மாலை சனம் வரும் என்பதையும் பார்த்துப் பழகியிருக்கிறது.

“யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்?” என்று கேட்டேன்.

“யாரும் இதைப் பார்க்கவில்லை, தயா” என்றாள். “நாங்கள் தரிப்பிடத்துக்கு ஆள் எண்ணிக்கொண்டிருந்தோம்.”

பிறகு அவள் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். கிழக்குக் கோட்டின் நீளத்துக்கும், காரணம் இல்லாமல் எரியும் சின்னச் சின்ன வெளிச்சங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீடு. பல வருடம் தள்ளி எரிபவற்றை நம்ப முடியாது என்றாள். ஆனால் இந்த வருடத்துக்குள் எரியப்போகிறவை அநேகமாகத் தப்பாது. சில வீடுகளில் ஒன்பது மாலை எரிந்தது, அவை செத்தவருக்காக ஒன்பது நாள் செபம் சொல்லும் பிலிப்பீன்ஸ்காரரின் வீடுகளாக இருக்கலாம். சிலவற்றில் மூன்று, சிலவற்றில் ஏழு. முப்பத்தொரு மாலை எரிந்த வீடுகளை எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மேலாளரிடம் போனோம். அவர் வழக்கறிஞரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வந்து எங்களுக்கு விளக்கினார்கள். தனிமனிதரின் உடல்நிலையை முன்கூட்டிக் கணிப்பது சட்டப்படி குற்றம். அப்படி நடக்கிறது என்று எழுத்தில் வந்தால் உடனே நிறுத்தியாகவேண்டும். ஆகவே என் அறிக்கை போகிற அன்றே, துக்கத்துக்கு வரும் கூட்டத்தை நீக்குகிற வடிகட்டி ஒன்றை ஹர்லீன் போட்டுவிடவேண்டும். அந்த வெளிச்சங்கள் வரைபடத்தில் இனி எவருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அதற்கு முன்னர் ஒரு சொல் சொல்லலாமே என்றேன். நாங்கள் ரயில் கட்டுகிறவர்கள் என்றார் மேலாளர். சொல்லி அது பிழைத்தால் வழக்குப் போடுவார்கள், பலித்தால் அதைவிடப் பெரிய வழக்காகப் போடுவார்கள் என்றார் வழக்கறிஞர். மனிதர் பகிடி விடவில்லை. அறிக்கைக்கு வெள்ளிக்கிழமை கெடு.

அறிக்கையைச் சாதுவாக எழுதிவிடவும் வழி இருந்தது. மில்ஹேவன் சந்தியில் சமூகக் கூடுகைகள் அதிகம் என்று ஒரு வரி போட்டால் போதும். தரிப்பிடம் அக்காவின் வாசலில் நிற்கும், வெளிச்சங்களும் வரைபடத்தில் இருக்கும், பைன்ரிட்ஜ் சனம் பழையபடி வானுக்குக் காத்திருக்கும். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அவருடைய கணவரின் சாவு, அவருடைய தரிப்பிடம். அவரிடமே போனேன்.

அடுக்களை மேசையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். படியில் நின்றது, மாத்திரை வாங்கியது, கார் நிறுத்தியது எல்லாம். அக்கா இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார். மாத்திரை வாங்கியது தெரியும், உறைப்பைக் குறையுங்கோ என்று பேசினேன் என்றார். கடை வாசலில் கார் விட்டதும் தெரியும், வரவரச் சோம்பேறியாகிறியள் என்று அதற்கும் பேசினேன் என்றார். அழுதார். மாஸ்டர் இறந்தபோதுகூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை. ஏன் வந்து சொன்னேன் என்று இருந்தது.

அழுது முடிந்ததும் முகம் கழுவிவிட்டு வந்து எதிரில் இருந்தார்.

“ரிப்போட்டைக் குடுங்கோ. ஃபர்தோசாவின்ரை முகத்திலை நான் நாளாந்தம் முழிக்கவேணும். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருக்கெல்லே? அதுக்குள்ளை அந்த வீடுகளுக்குப் போவம்.”

இது வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றேன்.

“வேலை போனா வேறை வேலை எடுக்கலாம், தம்பி. நான் ஆரிட்டைப் போய் இவரைத் திருப்பி எடுக்கிறது?”

வியாழக்கிழமை மத்தியானம் விடுமுறை போட்டுவிட்டு அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இந்த வருடத்துக்குள் வெளிச்சம் எரியப்போகிற வீடுகளில் மூன்று மட்டும் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வீடு தெரியும், ஆனால் அந்த வீட்டில் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நிழல்களுக்குப் பெயர் இல்லை.

முதல் வீட்டில் ஒரு பிலிப்பீன்ஸ் அம்மா கதவை ஒரு சாண் திறந்தார். நாங்கள் வாயைத் திறக்குமுன்னரே, எங்களிடம் நல்ல ஹீட்டர் இருக்கிறது, புது ஹீட்டர் வேண்டாம் என்று சொல்லிச் சாத்திவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. இந்த ஊரில் முன்னறிவிப்பில்லாமல் வந்து கதவைத் தட்டுகிறவன் ஹீட்டர் விற்க வந்தவன்தான். அக்கா மறுபடி மணியை அடித்தார். உள்ளே யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். எவ்வளவு நேரம்தான் நிற்பது? திரும்பி வந்து காரில் ஏறினோம்.

இரண்டாவது வீட்டில் ஜமேக்காவைச் சேர்ந்த ஒரு மனிதர் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற வெல்டர். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். தனக்குத் தெரியும் என்றார். ஈரலில் புற்றுநோய் வந்திருக்கிறதாம், வைத்தியர் கோடைகாலத்திலேயே சொல்லிவிட்டாராம். மகள்களுக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போகும்போது அக்காவின் கையைப் பிடித்து, எல்லோரும் பிறகுதான் வருவார்கள், நீங்கள் முதலே வந்துவிட்டீர்கள் என்றார்.

மூன்றாவது வீட்டுக் கதவில் மாவிலைத் தோரணம் தொங்கியது. கதவைத் திறந்தவன் அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தான். அருட்சோதி. நாற்பது வயதுகூட இருக்காது. ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளன். மாஸ்டரிடம் கார் பழகியவன்தான், மாஸ்டரின் செத்தவீட்டுக்கும் வந்தவன். அவனுடைய மனைவி ரஜிதா தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். இந்த வீட்டில் யார் என்று கேட்பது எப்படி? வீட்டில் இருக்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான்.

நான் எனக்குத் தெரிந்த உத்தியோக மொழியில் இழுத்து இழுத்துச் சொன்னேன். நிழல், வரைபடம், வெளிச்சம் என்று என்னவோ. அருட்சோதியின் முகம் மாறியது. மாஸ்டரின் மனைவி என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் வெளியே போகச் சொல்லியிருப்பேன் என்றான். என்ன, சாத்திரம் சொல்ல வந்தீர்களா, யார் அனுப்பியது, என் வீட்டை வேவு பார்க்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று எழும்பி நின்றான். அவன் கேட்டதில் பிழை இல்லை. கடைசிக் கேள்விக்கு என் அலுவலகத்தில் எவருமே பதில் யோசித்ததில்லை.

“சாத்திரம் இல்லைத் தம்பி” என்றார் அக்கா. “மாஸ்டர் கடைசிக் காலத்திலை கடை வாசலுக்குக் கிட்டக் கொண்டுபோய்த்தான் காரை விடுவார். நான் அதைச் சோம்பல் எண்டு நினைச்சு அவரைப் பேசினனான். அது சோம்பல் இல்லை. அவருக்கு நடக்க ஏலாமல் இருந்திருக்கு. எனக்கு விளங்கேல்லை. நீரும் இப்ப கிட்டத்தான் விடுறீரோ?”

கேத்தில் கொதித்து அணைந்தது. ரஜிதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“படியிலை பாதியிலை நிண்டு ஃபோனைப் பாக்கிறவர்” என்றாள் அவள். “ஒவ்வொரு நாளும். நான் ஏதோ மெசேஜ் வருகுது எண்டு நினைச்சன்.”

அருட்சோதி மெதுவாகக் கதிரையில் இருந்தான். யாரும் தேநீர் ஊற்றவில்லை. அன்று பின்னேரமே ரஜிதா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காரை அவளே ஓட்டினாள்.

வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தேன். உண்மையை எழுதினேன். ஹர்லீன் வடிகட்டியைப் போட்டாள். வெளிச்சங்கள் ஒரேயடியாக மறைந்தன. அறிக்கை நன்றாக வந்திருக்கிறது என்று மேலாளர் பாராட்டினார். தரிப்பிடம் பைன்ரிட்ஜுக்குப் போனது. வசந்தத்தில் அங்கே முதல் குழியைக் கிண்டியபோது படம் பிடிக்க அமைச்சர் வந்தார், ஃபர்தோசா தன் பிள்ளைகளோடு கூட்டத்தில் நின்றாள். அக்கா வரவில்லை, அவருக்கு அன்று வேலை. இரண்டு பஸ் மாறித்தான் போயிருப்பார்.

அருட்சோதிக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு இருந்தது. வெட்டித் தைத்தார்கள், எழும்பிவிட்டான். ஹீட்டர் வேண்டாம் என்ற வீட்டின் வழியாக நான் ஒரு மாலை போனபோது வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே மெழுகுதிரி வெளிச்சம் தெரிந்தது. நான் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும் வரை அந்த மூடிய கதவுதான் கண்ணுக்குள் நின்றது. இன்னும் ஒருதரம் மணி அடித்திருக்கலாம்.

அக்கா அதற்குப் பிறகும் ஓய்ந்திருக்கவில்லை. நிழல் எதையெதைப் பார்க்கும் என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்டு வைத்திருந்தார். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் சனத்தின் நடையைப் பார்க்கிறார். யாராவது வீதியைக் கடக்கும் பாலத்துப் படியில் பாதியில் நின்றால் இவர் போய்ப் பக்கத்தில் நிற்பார். தமிழோ உருதோ தகலாக்கோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். நெஞ்சில் கை வைத்துக் காட்டி, டொக்டர், டொக்டர் என்பார். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு பெண் பொலிஸைக் கூப்பிடுவேன் என்று வெருட்டினாளாம். சிலர் போய்க் காட்டினார்கள். நான் சொன்னேன், இதெல்லாம் உங்களுக்கு ஏன் அக்கா என்று. பஸ் வாறதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு, சும்மா நிக்கிறதோ என்றார்.

இந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் ஹர்லீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவளுடைய முகம் சரியில்லை. திரையில் கிழக்குக் கோட்டின் வரைபடம் சுத்தமாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மங்கலாக மஞ்சள் எரிந்தது. மில்ஹேவன் சந்தி. அதே வீடு.

அக்கா நேற்றுத்தான் என்னோடு கதைத்தார். படியேறும்போது எங்கேயாவது நின்றாரா, மூச்சு வாங்கினாரா என்று அந்த இடத்திலேயே நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நான் காரை எடுக்க ஓடப் பார்த்தேன். ஹர்லீன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“வடிகட்டி போட்டபடிதான் இருக்கிறது” என்றாள். “மூன்று தரம் சோதித்துப் பார்த்துவிட்டேன். துக்கத்துக்கு வருகிற எந்தக் கூட்டமும் இதில் தெரியாது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் ஆண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். அடுத்த வருடம் எரிந்தது. அதற்கடுத்த வருடமும் எரிந்தது. முப்பத்தொரு மாலையில் அணையவில்லை. வருகிற நிழல்கள் ஐந்தோ ஆறோ, சில நாள் பத்து. சந்திக்குத் தரிப்பிடம் வைக்க அது போதாது. அந்த வீட்டின் நிழல் காலையில் வெளியே போய் மாலையில் திரும்பி வந்துகொண்டே இருந்தது. நடை கொஞ்சமும் குறையவில்லை.

நான் வெளியே வந்து அக்காவுக்கு அழைத்தேன். என்ன சொல்ல என்று எனக்கே தெரியாது, குரலைக் கேட்கவேண்டும்போல இருந்தது. பின்னால் ஒரே இரைச்சல். யாரோ சிரிக்கிறார்கள், ஒரு குழந்தை எதையோ போட்டு உடைக்கிறது.

“ஆர், தயா தம்பியோ? இஞ்சை அருட்சோதியும் ரஜிதாவும் வந்து நிக்கினம். நான் டொக்டரிட்டைப் போகச் சொன்ன உந்தப் பாலத்தடி பாகிஸ்தான் மனுசனும் பெண்சாதியோடை வந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வருகினம், இருக்கக் கதிரையும் காணாது. வேலையாலை வந்து கால் நீட்ட விடுகினமில்லை” என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

வெளிச்சத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. இதை முன்கூட்டி யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை என்று பட்டது. பிறகு கதைக்கிறேன் என்று வைக்கப் போனேன்.

“வைக்காதேங்கோ” என்றார் அக்கா. “வரேக்கை ரெண்டு பை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ. தேத்தண்ணிக்குக் காணாது.”